காற்றாட வைத்த தொலைநோக்கி

ஆச்சி என் கடையில் மூன்று மூக்குக்கண்ணாடிகள் வாங்கியிருக்கிறார். மூன்றில் ஒன்றைக்கூட அவர் போட்டு நான் பார்த்ததில்லை. மூன்றும் டப்பாவுக்குள், டப்பாக்கள் மஞ்சள் பைக்குள், பை பீரோவுக்குள். பேப்பர் படிக்கும்போது அவர் மூக்கில் உட்கார்ந்திருந்தது, நான் கடை திறப்பதற்கு முன்னால் எங்கோ வாங்கிய பழையது. ஒரு பக்கக் காது ஒடிந்து, வெள்ளை நூலால் சுற்றிக் கட்டியிருக்கும்.

"புதுசப் போட்டா என்ன ஆச்சி? அதுக்குத்தான வாங்குனீக?"

"இதுல எழுத்துத் தெரியுதுல்ல. அது இருக்கட்டும், பின்னால ஆகும்."

ஆச்சி என்றதும் பல் போன கிழவியை நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் நகரத்தார் வீட்டுப் பெண்களுக்குக் கழுத்தில் தாலி ஏறிய மறுநாளே ஆச்சிப் பட்டம் வந்துவிடும். பள்ளத்தூரில் அவர் வீட்டை ஒட்டிய பின்வீட்டுக்கு நான் குடிவந்தபோது அவர் நாற்பதைத்தான் தொட்டிருந்தார். தலையில் ஒரு நரை கிடையாது. கணவர் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார், மாதம் ஒருமுறை வந்து போவார். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும் மகள் மெய்யம்மையும்தான். நான் காலை பஸ்ஸில் காரைக்குடிக்குப் போய்க் கண்ணாடிக் கடையைத் திறப்பேன், சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். எங்கள் மொட்டை மாடிக்கும் அவர்கள் மொட்டை மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான்.

அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏத்தா கண்ணாடிக்காரி" என்பார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அவர் கடைக்கு வந்தால் மட்டும் நான் துடைக்கிற துணியைத் தேடி வைத்துக்கொள்வேன். குளித்ததும் உரைத்த மஞ்சளை முகத்தில் கெட்டியாக அப்பிக்கொள்கிற பழக்கம் அவருக்கு. போட்டுப் பார்க்கிற பிரேமிலெல்லாம் மஞ்சள் ஒட்டும். அவர் பஸ் ஏறிய பிறகு நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்க வேண்டும். மூக்குத் தாங்கியில் ஏறிய மஞ்சள் லேசில் போகாது. பத்துப் பிரேமை மஞ்சளாக்கிவிட்டு, எது பிடித்ததோ அதை வாங்கி, போட்டுக்கொள்ளாமல் எடுத்து வைத்துவிடுவார். கோபம் வராதா?

ஊரில் அவரைக் கஞ்சம் என்றார்கள். அது தவறு. கஞ்சம் வாங்கவே வாங்காது. ஆச்சி வாங்குவார், அதுவும் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்குவார். எனக்குப் பிரசவமானபோது இரண்டு மாதம் அவர் வீட்டு அடுப்பில்தான் என் பத்தியச் சாப்பாடு வெந்தது. நெய்யை ஊற்றும்போது கை நடுங்கியதில்லை. அடுத்தவருக்கு என்றால் அள்ளிக் கொடுப்பார். மகளுக்கு என்றால் வாங்கி அடுக்குவார். தனக்கு என்றால் மட்டும் எடுத்து வைப்பார். அவர் மனசு அப்படி.

ஒரு ஐப்பசியில் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறோம். வானம் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. நான் ஒரு கடை வாசலில் ஒண்டினேன். ஆச்சி நனைந்துகொண்டே நடந்தார், கக்கத்தில் புதுக் குடை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். ஓடிப்போய், "அதை விரிச்சாத்தான் என்ன?" என்று கத்தினேன். "விரிச்சா நனையும்ல" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவர் வீட்டில் எப்போதும் பூட்டியிருக்கிற அறை ஒன்று இருந்தது. மெய்யம்மை பிறந்த வருஷத்திலிருந்து அவளுடைய கல்யாணத்துக்காகச் சேர்த்த சாமான்கள் அதற்குள்தான். எவர்சில்வர் அடுக்கு, பித்தளைக் குடம், வெள்ளி விளக்கு, ஊறுகாய் ஜாடி, பாய், தலையணை, எதுவானாலும் ஒன்றுக்கு இரண்டாக. கல்யாணத்தன்று அத்தனையையும் கூடத்தில் பரப்பி வைப்பார்கள், வருகிறவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள். அந்த ஒருநாளுக்காகத்தான் ஆச்சி உயிரோடு இருப்பது போல எனக்குத் தோன்றும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அந்த அறையைத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பித்தளைக்குப் புளி போட்டு விளக்கி, காயவைத்து, துடைத்து, மறுபடி உள்ளே வைப்பார். ஒரு கரண்டியைக்கூட யாரும் ஒரு தடவை குழம்புக்குள் விட்டதில்லை. அவரோ வளைந்துபோன அலுமினியத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மெய்யம்மைக்குப் பத்து வயது நடந்தபோது அவளுக்கு ஆகாயப் பைத்தியம் பிடித்தது. பாடப் புத்தகத்தில் சனிக் கிரகத்தின் வளையம் போட்டிருந்ததாம். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். சாயங்காலம் ஆனால் மாடியில் மல்லாந்து கிடப்பாள். நான் துணி எடுக்கப் போனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"அக்கா, அங்குட்டு மினுங்காம நிக்குது பாருங்க, அது நச்சத்திரம் இல்ல. கிரகம்."

மகள் கேட்டால் ஆச்சி மறுக்க மாட்டார். மறுநாளே கடைக்கு வந்து நின்றார்.

"ஏத்தா கண்ணாடிக்காரி, பிள்ளைக்கு தூரத்துல உள்ளதப் பாக்குற குழாய் வேணுமாம். கண்ணாடி வேலைதான, உனக்குத் தெரியாததா?"

நான் விற்பது வெள்ளெழுத்துக் கண்ணாடி. ஆனாலும் தெரியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை. விசாரிக்கிறேன் என்றேன்.

முதலில் மூவரும் காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற தெருவுக்குப் போனோம். கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து, மூன்று மடிப்பாக நீளும் பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்தார். கப்பல் தலைவன் ஒருவன் வைத்திருந்தது என்று ஒரு கதையும் சொன்னார். பித்தளையைப் பார்த்ததும் ஆச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. கையில் வாங்கி எடை பார்த்தார், நகத்தால் தட்டினார், காதில் வைத்துக் கேட்டார். பிறகு, "கப்பலும் இல்ல, தலைவனும் இல்ல. இது நேத்து வார்த்தது" என்று திருப்பிக் கொடுத்தார். மெய்யம்மை அதற்குள் ஒரு பார்வை பார்த்திருந்தாள். எதிர்வீட்டுக் கொடிக்கம்பியே மங்கலாக ஆடியதாம்.

அடுத்து விளையாட்டுச் சாமான் கடை. அட்டைப்பெட்டி மேல் ஊதாவும் சிவப்புமாக அண்ட சராசரமே அச்சடித்திருந்தது. எத்தனையோ நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்தது ஒல்லிக் குழாயும் கொக்குக் கால் போல மூன்று கம்பிகளும். ஆச்சி விரலால் லேசாகத் தொட்டார். குழாய் ஆடத் தொடங்கியது, நிற்கவே இல்லை. "நிக்கத் தெரியாதது எதக் காட்டும்?" என்று வெளியே வந்துவிட்டார்.

கடைசியில் எனக்கு லென்ஸ் அனுப்புகிற மதுரைக்காரரிடம் போனில் கேட்டேன். அவர் பையனுக்கு இதே பைத்தியம் இருந்ததாம். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்காதே, வாய் எவ்வளவு அகலம் என்று கேள் என்றார். வாய் அகலமானால்தான் வெளிச்சம் நிறைய இறங்கும். கால் வேண்டாம், தட்டுப் போல அடிப்பாகம் இருந்து, ஸ்டூல் மேல் அழுத்தமாக உட்காருவதாக வாங்கு. அடியில் குழிந்த கண்ணாடி இருக்கும், வாய்ப்பக்கம் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை தானே திருப்பிக்கொள்ளும். இதையெல்லாம் நான் ஆச்சியிடம் பயந்து பயந்து சொன்னேன். குட்டையாக, குண்டாக இருக்கிறதே, பிடிக்குமோ பிடிக்காதோ என்று. அவர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்டா கணக்கா இருக்கு. வாய் அகலம், அடி கனம். இதத்தான் வாங்கணும்" என்றார். "ரெண்டு சொல்லிரு" என்று சேர்த்துக்கொண்டதுதான் வேடிக்கை. ஒன்று போதும் என்று சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

பெட்டி வந்த அன்று மெய்யம்மை பள்ளியில் இருந்தாள். நான் கடையில். அந்த இடைவெளியில் ஆச்சி ஒரு காரியம் செய்தார். சாமான் வாங்கினால் வீட்டு விலாசத்தை, அதாவது தலைமுறை தலைமுறையாக வருகிற முதலெழுத்துகளை, அதில் வெட்டாமல் உள்ளே வைப்பது அந்த வீடுகளில் வழக்கமில்லை. ஆட்டோவில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போய், "பேர் வெட்டிக் குடுங்க" என்றிருக்கிறார். அவர்கள் அண்டாவுக்குச் செய்கிற மாதிரியே அதைக் கவிழ்த்துப்போட்டு, உளியும் சுத்தியுமாக இறங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் நான் போனபோது விலாசம் பளிச்சென்று வெட்டியிருந்தது. அதைத் தடவித் தடவிக் காட்டினார். மெய்யம்மை, "ஆத்தா, இன்னைக்கே மாடிக்குத் தூக்கிட்டுப் போவமா?" என்று குதித்தாள். ஆச்சி பழைய பட்டுச்சேலைத் துண்டால் அதைச் சுற்றினார். பெட்டிக்குள் வைத்தார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார்.

"கல்யாணத்துக்குப் பரப்புறப்பப் பாரு ஆத்தா. எவ வீட்டுலயும் இது இருக்காது."

அந்தக் குழந்தை அழவில்லை. பூட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. அதற்குப் பிறகு பல நாள் அவள் மாடிக்கு வரவில்லை. நான் துணி எடுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் குரல் இல்லை. எனக்குத் திக்கென்றது. பாத்திரத்தை எடுத்து வைக்கலாம், பத்து வருஷம் கழித்து விளக்கினாலும் பளபளக்கும். பத்து வயது ஆசையை எங்கே பூட்டி வைப்பது? இன்னும் ஒரு மழைக்காலம் போனால் அவளுக்குச் சனியும் வேண்டாம், வளையமும் வேண்டாம் என்று ஆகிவிடும்.

நேராகச் சொன்னால் ஆச்சியிடம் எடுபடாது. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், சாமான் கெட்டுப்போய்விடுமோ என்பது. நான் அந்த வழியாகப் போனேன்.

"ஆச்சி, அந்தக் குழாய அப்படியே பூட்டி வச்சா உள்ள கண்ணாடியில பூஞ்சை புடிச்சிரும். பெறகு சுரண்டவும் முடியாது, கழுவவும் முடியாது."

அவர் முகம் வெளுத்தது மஞ்சளையும் மீறித் தெரிந்தது. "என்னடி சொல்ற?"

"எங்க கடையில லென்ஸுக்கே வரும் ஆச்சி. வாரம் ஒருநாள் எடுத்துக் காத்தாட வைக்கணும். வெயில்ல வைக்கக் கூடாது, கண்ணாடி சூரியனப் புடிச்சா துணி எரியும், பிள்ளை கண்ணே போயிரும். பொழுது சாஞ்ச பெறகுதான்."

வெயில் சமாசாரம் முழுக்க உண்மை. பூஞ்சையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

அந்த வாரமே, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, தொலைநோக்கி மாடிக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்காரவைத்து, ஆச்சி தானே மூடியைத் திறந்தார். நான் சுவரைத் தாண்டி வந்தேன். மெய்யம்மை படியேறி வந்து, தூரத்திலேயே நின்றாள்.

"சும்மாதான காத்தாடுது, ஒரு கண்ணு பாத்துக்கட்டுமே" என்றேன்.

ஆச்சி யோசித்தார். "எதப் பாக்கப் போறா?"

"சனி, ஆத்தா" என்றாள் மெய்யம்மை. சித்திரை மாதம், அது கிழக்கே ஏறி நின்றது.

"சனியவா? ஏண்டி, கல்யாணச் சாமான்ல போயி மொத மொதல்ல சனியவா பாப்பாக?"

"சனி நம்மளப் பாத்தாத்தான் ஆத்தா தோஷம். நாம சனியப் பாத்தா ஒண்ணுமில்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆச்சிக்கும் வாய்க்கோடியில் சிரிப்பு. தலையாட்டினார்.

மெய்யம்மை கண்ணை வைத்தாள். திருகினாள். மறுபடி திருகினாள். நிமிர்ந்தபோது முகம் சுருங்கியிருந்தது. நான் பார்த்தேன். வால்முளைத்த ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். வளையமும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்த நட்சத்திரத்துக்குத் திருப்பினாலும் வால். எனக்குச் சட்டென்று புரிந்தது. சுத்தியால் அடித்ததில் குழாய்க்கு அடியிலிருந்த கண்ணாடி இடம் பெயர்ந்திருந்தது. சொல்லாமலே ஆச்சிக்கும் புரிந்துவிட்டது. வெட்டிய எழுத்தின் மேல் கையை வைத்தார்.

"நானே அடிச்சுக் கெடுத்துட்டேனா?"

அவர் அப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை. சாமான் போனதற்கு இல்லை, மகளின் முகத்தைப் பார்த்துத்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மதுரைக்காரருக்குப் போன் போட்டேன். பின்பக்கம் மூன்று திருகு இருக்கும், முன்னால் ஒருவர் பார்த்துக்கொண்டே சொல்ல, பின்னால் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும் என்றார். கடையில் கண்ணாடிக் காது முடுக்குகிற திருப்புளிகளில் பெரியதை எடுத்து வந்தேன். அடுத்த இரண்டு சாயங்காலம் அதே வேலை. மெய்யம்மை கண்ணை வைத்துக்கொண்டு "கொஞ்சம் இங்குட்டு, போதும், ஐயோ கூடிருச்சு" என்பாள், நான் திருகுவேன். ஆச்சி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பார். மூன்றாம் நாள் வால் சுருங்கிப் புள்ளியானது. அவள் சனிக்குத் திருப்பினாள்.

கண்ணை எடுக்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"ஆத்தா... இருக்கு. நெசமாவே இருக்கு. சுத்தி வளையம் போட்டு நிக்குது."

நானும் பார்த்தேன். மிளகளவுதான். ஆனால் கிள்ளி எடுத்துக் காதில் போட்டுக்கொள்ளலாம் போல அவ்வளவு துல்லியம். மெய்யம்மை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். ஆச்சி நகரவில்லை.

"எனக்கெதுக்கு? உன் சாமான். நீ பாரு. நான் பின்னால பாத்துக்கிறேன்."

மூடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். எவ்வளவு கெஞ்சியும் கண்ணை வைக்கவில்லை. எனக்கு ஓங்கி ஓர் அறை விடலாமா என்று வந்தது.

அதன் பிறகு வாரம் ஒருநாள் காற்றாட்டு, பிறகு இரண்டு நாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தினசரி. பூட்டிய அறைக்குள் தொலைநோக்கி திரும்பப் போகவே இல்லை, மாடிப்படி ஓரத்திலேயே பட்டுத்துண்டு போர்த்தி இருந்தது. பெயின்ட் உரிந்தது. ஒரு தடவை மழைச்சாரல்கூடப் பட்டது. ஆச்சி பதறவில்லை. கேட்டால், "பூஞ்சை புடிக்காம இருக்கணும்ல" என்பார். மெய்யம்மை வியாழனின் நிலாக்களை எண்ணிக்கொண்டே வளர்ந்தாள், பௌதிகம் படிக்கத் திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தாள்.

அவள் போன பிறகு ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அங்கே ஆச்சி. தண்ணீர்த் தொட்டி மேடையில் தொலைநோக்கி. நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, கண்ணை அழுத்திப் பதித்திருந்தார். நான் செருமினேன். திடுக்கிட்டு நிமிர்ந்தார், மிட்டாய் திருடிய பிள்ளை மாதிரி.

"காத்தாட வச்சிருக்கேன்" என்றார்.

"கண்ண வச்சா காத்தாட்டுவாக?"

"உள்ள பூஞ்சை இருக்கான்னு பாத்தேன்டி."

"இருக்கா?"

அவர் வானத்தைப் பார்த்தார். மேற்கே நிலாப்பிறை இறங்கிக்கொண்டிருந்தது. "எம்புட்டுக் குழி கெடக்கு அதுல" என்றார், மெதுவாக. பிறகு பட்டுத்துண்டைப் போர்த்தத் தொடங்கினார். நான் கீழே இறங்கிவிட்டேன். அன்று முதல் அந்த நேரத்தில் துணி எடுக்கப் போவதை விட்டுவிட்டேன்.

ஆச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசல்வரைதான். பீரோவைத் திறந்தபோது நானும் கூட இருந்தேன். மடிப்புக் கலையாத சேலைகள், உறை பிரிக்காத குடை, என் கடை டப்பாக்கள் மூன்று. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். யாருக்காக வைத்திருந்தீர்கள் ஆச்சி, எந்தப் பின்னாலுக்காக என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

இந்தத் தை மாதம் மெய்யம்மைக்குக் கல்யாணம். முதல்நாளே கூடத்தில் சாமான் பரப்பினோம். அத்தனை வருஷப் பித்தளையும் வெள்ளியும் எவர்சில்வரும் இன்று கடையிலிருந்து வந்தது போல் மின்னின. வரிசை முடிகிற நேரத்தில் மெய்யம்மை மாடிப்படியிலிருந்து தொலைநோக்கியைத் தூக்கி வந்து முன்வரிசையில் வைத்தாள். நிறம் போய், கீறல் விழுந்து, விலாசம் மட்டும் ஆழமாகத் தெரிந்தது. அவளுடைய அயித்தை, அப்பாவின் தங்கை, முகம் சுளித்தார்.

"ஏன் ஆத்தா, பழசப் போயிப் பரப்புவாகளா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?"

எனக்குச் சுருக்கென்றது. குறைந்தபட்சம் சுத்தமாகவாவது இருக்கட்டும் என்று கைப்பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்துக் குனிந்தேன். கண்ணை வைக்கிற இடத்துக் கருப்பு ரப்பர் வளையத்தில், பாதிச் சுற்றுக்கு மஞ்சள் ஏறியிருந்தது. எத்தனை பிரேமில் துடைத்த மஞ்சள்! என் கை அங்கேயே நின்றுவிட்டது.

மெய்யம்மை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தொடச்சிராதீக அக்கா. லீவுக்கு வரும்போதெல்லாம் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் கூடியிருக்கும். நான் கேட்டுக்கிட்டதில்ல."

பிறகு அயித்தையைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்குன்னு வாங்குனதுல ஆத்தா எடுத்துப் பொழங்குனது இது ஒண்ணுதான் அயித்தை."

அயித்தை அந்த மஞ்சளைப் பார்த்தார். குனிந்து, பக்கத்திலிருந்த வெள்ளித் தாம்பாளத்தைத் தன் கையாலேயே நகர்த்தி, தொலைநோக்கிக்கு நன்றாக இடம் விட்டார்.